இன்னொருவர் படிக்க வேண்டும்

“நடுவர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தால் அத்தோடு வழக்கு முடிந்தது என்று வைத்துவிடுங்கள். தேங்கிக் கிடக்கும் வழக்குகளில் பாதி தானாகக் கரைந்துவிடும்.” தொலைக்காட்சி விவாதத்தில், சட்டக் கருத்தரங்கில், ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயில் என்று எத்தனையோ இடங்களில் இதைக் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தவர்கள், அலைந்தவர்களைப் பார்த்து மனம் வெந்தவர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் கைகாட்டும் இடம் தவறு. மாஜிஸ்திரேட்டின் தீர்ப்புக்கு மேலே இருக்கும் அப்பீலை வெட்டினால் தாமதம் குறையாது. எந்தக் கதவையும் தட்ட வசதி இல்லாதவனுக்கு இருக்கும் ஒரே கதவும் சாத்தப்படும்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் 22 ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்கு நடத்துகிறவன். நடுவர் நீதிமன்றமும் செஷன்ஸ் கோர்ட்டும்தான் என் பிழைப்பு. அதனால் ஒரு வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் பால் வண்டி ஓட்டுகிறவர். விடியற்காலையில் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் மேல் வண்டி மோதி, பெரியவர் இறந்துபோனார். அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்ததாக வழக்கு, அன்றைய 304ஏ. நடுவர் நீதிமன்றம் ஓராண்டு சிறை விதித்தது. தீர்ப்பு நகலை ஒரு மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நான் தீர்ப்பை வைத்துவிட்டு முதலில் சாட்சியங்களைப் படித்தேன். வழக்கே இரண்டாம் சாட்சியான டீக்கடைக்காரர் தலைமேல் நின்றது. முதல் விசாரணையில் “வண்டி மோதியதைப் பார்த்தேன்” என்கிறார். குறுக்கு விசாரணையில், தாளின் பின்பக்கம் கடைசிக்கு மேல் வரியில், “சத்தம் கேட்டுத்தான் கடையிலிருந்து வெளியே வந்தேன், அப்போது பெரியவர் கீழே கிடந்தார்” என்கிறார். தீர்ப்பில் இருப்பதோ வேறு: இரண்டாம் சாட்சி சம்பவத்தை நேரில் கண்டவர், அவர் சாட்சியம் குறுக்கு விசாரணையில் அசைக்கப்படவில்லை.

செஷன்ஸ் நீதிபதி அந்தத் தாளைத் திருப்பினார். ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசு வழக்கறிஞரைப் பார்த்து, “இதுக்கு என்ன சொல்றீங்க?” என்றார். சொல்ல ஒன்றும் இல்லை. வாதம் அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. டிரைவர் விடுதலை.

தீர்ப்பு எழுதிய நடுவரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். நல்லவர், உழைப்பாளி. அவர் பட்டியலில் ஒரு நாளைக்கு நூறு வழக்குக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. காலையில் ரிமாண்டு, பிறகு பெட்டி கேஸ், சாட்சி, இடையில் மரண வாக்குமூலம் எழுத ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். தீர்ப்பை இரவில் வீட்டில்தான் எழுத முடியும். அப்படி எழுதும் கண்ணுக்குத் தாளின் பின்பக்கத்து வரி ஒன்று தப்பும். அதே கட்டை அமைதியாக, முதல் பக்கத்திலிருந்து இன்னொருவர் படிக்க வேண்டும். அப்பீல் என்று நாம் சொல்வது அந்தப் படிப்பைத்தான்.

‘அப்பீலுக்கு மேல் அப்பீல்’ என்று ஒரு படம் மக்கள் மனதில் பதிந்திருக்கிறது. ஏதோ ஏழு மாடி ஏறிக்கொண்டே போகலாம் என்பதுபோல. உண்மையில், நடுவர் தண்டனை கொடுத்தால் உரிமையாக இருப்பது ஒரே ஒரு அப்பீல். 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் போட வேண்டும். அங்கேயும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு மட்டும். அதில் சாட்சியத்தை மறுபடி எடை போடச் சாதாரணமாக யாரும் உட்கார மாட்டார்கள். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம், அதன் அனுமதி இருந்தால் மட்டும். அந்த ஒரே அப்பீலுக்கும் வடிகட்டி இருக்கிறது. மனுவில் சரக்கில்லை என்று பட்டால், அப்பீல்காரர் தரப்பைக் கேட்டுவிட்டு ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய செஷன்ஸ் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவைப் பற்றியும் சட்டப்படியான தன்மையைப் பற்றியும் மட்டும்தான் கேட்கலாம். முதல் வகுப்பு நடுவர் 100 ரூபாய்க்கு மிகாமல் அபராதம் மட்டும் போட்டால் அப்பீலே இல்லை. வெட்டச் சொல்கிறவர்கள் எதை வெட்டச் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும். இருப்பதே ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் 1898 சட்டத்தில் இரண்டாம், மூன்றாம் வகுப்பு மாஜிஸ்திரேட்டுகளின் தீர்ப்புமேல் அப்பீல் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் போனது. அதாவது போலீசுக்கும் மேலதிகாரியாக இருந்த கலெக்டரிடம். மக்களை நம்பாத அந்த அரசுகூட இரண்டாம் பார்வை வேண்டாம் என்று சொல்லவில்லை. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் நிர்வாகத்தின் கையிலிருந்து அதை எடுத்து நீதிபதியின் கையில் கொடுத்தது. நாம் முன்னேறி வந்த வழி அது.

இனி தாமதத்துக்கு வருவோம். நாட்டில் நிலுவையில் இருக்கும் வழக்குகள் ஐந்து கோடிக்கும் மேல். அதில் நாலு கோடிக்கும் மேல் மாவட்ட அளவிலும் அதற்குக் கீழும்தான் கிடக்கின்றன. சிறைகளைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 76 பேர். இவர்கள் வழக்கில் தீர்ப்பே வரவில்லை. தீர்ப்பே வராத வழக்கை அப்பீல் எப்படித் தாமதப்படுத்தியிருக்க முடியும்?

தாமதம் எங்கே நடக்கிறது என்று நடுவர் நீதிமன்றத்துப் பின் பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். சம்மன் சார்வாகவில்லை. பிடிவாரண்ட் நிலுவை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வேறு மாவட்டத்துக்கு மாற்றல். புலனாய்வு செய்த இன்ஸ்பெக்டருக்குத் திருவிழா பந்தோபஸ்து. ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரவில்லை. சில சமயம் நடுவர் இடமே காலி, பக்கத்து ஊர் நடுவர் பொறுப்பு பார்ப்பார். அப்பீலில் இவை எதுவும் கிடையாது. சாட்சிக் கூண்டு கிடையாது. கட்டு வர வேண்டும், இருவர் பேச வேண்டும், ஒருவர் படிக்க வேண்டும். அங்கேயும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது என்றால் கீழ்க் கோர்ட்டுக் கட்டு வந்து சேராததால் நிற்கிறது, செஷன்ஸ் நீதிபதி ஒருவர் தலையில் கொலை, போக்சோ, கஞ்சா வழக்கெல்லாம் சேர்ந்து ஏறியிருப்பதால் நிற்கிறது. அப்பீல் என்ற உரிமை இருப்பதால் நிற்கவில்லை.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பேசிப் பேசி, கருத்து இப்போது சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்க விசாரணையை அகலமாக்கியது. மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களையும் நடுவர் சுருக்க முறையில் விசாரிக்கலாம் என்கிறது பிரிவு 283(2). எதிரிக்குச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. அதன் கீழே ஒரு வாக்கியம்: இப்படிச் சுருக்க முறையில் விசாரிப்பது என்று நடுவர் எடுக்கும் முடிவின்மேல் அப்பீல் கிடையாது.

இதன் கனம் வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. சுருக்க விசாரணையில் சாட்சி சொன்னது வரிக்கு வரி பதிவாகாது. சாரம் மட்டும் எழுதப்படும். தண்டனை மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உண்மை. ஆனால் என் பால் வண்டிக்காரர் வழக்கை நினைத்துப் பாருங்கள். “சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன்” என்ற வரி சாரத்தில் இடம்பெற்றிருக்குமா? எது சாரம் என்று முடிவு செய்வதும் அதே கண்தான், தாளின் பின்பக்கத்தைத் தவறவிட்ட அதே கண். முடிவில் தண்டனைமேல் அப்பீல் போட்டாலும், மேலே உட்கார்ந்திருப்பவர் படிக்க ஒன்றும் இருக்காது. இந்த முறையில் என்னை விசாரிக்காதீர்கள் என்று முன்கூட்டியே மேலே போய்ச் சொல்லவும் அப்பீல் வழி இல்லை. அப்பீலைப் பெயருக்கு விட்டுவைத்து அதன் வயிற்றைக் காயப்போடுவது இது.

பெட்டி கேஸ் நடக்கும் காலை நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஏட்டு ஒருவர் கையில் கட்டோடு முன்னால் நிற்பார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் கை கட்டிக்கொள்வார்கள். “ஒத்துக்கிறியா?” “ஒத்துக்கிறேங்கய்யா.” அபராதம் எவ்வளவு என்பது மட்டும் காதில் விழும். அடுத்த பெயர். ஒத்துக்கொண்டால் இன்றே வேலைக்குப் போகலாம், மறுத்தால் இன்னும் நாலு முறை வர வேண்டும் என்று ஏட்டு வராந்தாவிலேயே சொல்லிவிட்டிருப்பார். ஒரு நாள் கூலியைவிட அபராதம் குறைவு என்றால் எவன் மறுப்பான்? இப்படி ‘ஒத்துக்கொண்ட’ பையன் இரண்டு வருடம் கழித்துப் போலீஸ் தேர்வு எழுதிப் பாஸாகி, சரிபார்ப்பில் விழுந்துவிட்டு என்னிடம் வருவான். “அப்பீல் போடலாமா சார்?” குற்றத்தீர்ப்பை எதிர்த்து அப்பீல் கிடையாதுப்பா, நீ ஒத்துக்கொண்டுவிட்டாய். ஏழெட்டுப் பேருக்காவது இந்தப் பதிலைச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் அதே கனம்.

தமிழ்நாடு காவல் பணி விதிகளில் இதைவிடக் கடுமையான ஒன்று உண்டு. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். ஆகவே நடுவர் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ‘சந்தேகத்தின் பலன்’ என்ற இரண்டு சொல் இருப்பதும் இல்லாததும் ஒரு இளைஞனின் வாழ்க்கை. விடுதலையானவனுக்கோ அப்பீல் கிடையாது. சிறு வழக்கு, சிறு தண்டனை, இதற்கெல்லாம் எதற்கு மேல் கோர்ட் என்று கேட்பவர்கள், சிறு வழக்கு யாருக்குச் சிறியது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறு வழக்கு பெரிய மனிதருக்கும் சிறியது அல்ல. 2023 மார்ச் 23 அன்று சூரத்தில் தலைமை நீதித்துறை நடுவர் ராகுல் காந்திக்கு அவதூறு வழக்கில் இரண்டாண்டு சிறை விதித்தார். மறுநாளே அவர் மக்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். ஒரு நாள் குறைத்துத் தண்டித்திருந்தால் பதவி போயிருக்காது. குற்றத்தீர்ப்பை நிறுத்திவைக்க செஷன்ஸ் கோர்ட் மறுத்தது. ஜூலை 7-இல் குஜராத் உயர் நீதிமன்றமும் மறுத்தது. ஆகஸ்ட் 4-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சத் தண்டனையை ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கு விசாரணை நீதிபதி உரிய காரணம் சொல்லவில்லை என்றது. அவரை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஒரு தொகுதி மக்களின் வாக்கு ஒரு நடுவர் எழுதிய எண்ணில் தொங்கியது. அந்த எண்ணுக்குக் காரணம் எங்கே என்று கேட்க மூன்று படி ஏற வேண்டியிருந்தது. நாட்டின் தலைசிறந்த வக்கீல்களை அமர்த்த முடிந்தவருக்கே இந்த நிலை என்றால், ஏறும் படியையும் எடுத்துவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன மிச்சம்?

அப்பீல் குற்றவாளியின் ஆயுதம் என்பது அடுத்த வாதம். இதைச் சொல்பவர்கள் 2009-க்குப் பிறகு நடந்ததைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டின் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவருக்கே அப்பீல் உரிமை கொடுத்தது. எதிரி விடுதலையானாலும், குறைந்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டாலும், இழப்பீடு போதவில்லை என்றாலும் அவர் மேலே போகலாம். அதற்கு முன்பு அரசு அப்பீல் செய்தால் உண்டு, இல்லாவிட்டால் அடிபட்டவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்ய அவர் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன செலஸ்டியம் பைனான்சியல் வழக்கில், செக் திரும்பிய வழக்கின் புகார்தாரரும் பாதிக்கப்பட்டவர்தான், அவருக்கும் இந்த உரிமை உண்டு என்றது. நடுவரிடம் தோற்ற செக் வழக்குக்காரர்கள் அதுவரை சிறப்பு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது உள்ளூர் செஷன்ஸ் கோர்ட்டிலேயே கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் நடுவர் ஜீவனாம்சத்தை மறுத்தால் அந்தப் பெண் 30 நாளுக்குள் அதே செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் வருகிறாள். அப்பீலை வெட்டும்போது இவர்கள் எல்லாருடைய கையும் சேர்ந்துதான் வெட்டுப்படும்.

செக் வழக்கு என்றதும் எதிர்த்தரப்பின் மிக வலுவான உதாரணம் வந்துவிடும். கடன் வாங்கினான், செக் கொடுத்தான், திரும்பியது, வழக்கில் தோற்றான், அப்பீலைப் போட்டு இன்னும் நாலு வருடம் இழுக்கிறான். உண்மை, இப்படி இழுப்பவர்கள் உண்டு. சிலருக்காக நானே ஆஜராகியிருக்கிறேன். இதற்காகத்தான் 2018-இல் ஒரு திருத்தம் வந்தது: தண்டிக்கப்பட்டவர் அப்பீல் போட்டால், அபராதத்தில் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்லலாம். மறுவருடமே ‘சொல்லலாம்’ என்பதைப் பொதுவாகச் ‘சொல்ல வேண்டும்’ என்று படிக்க வேண்டும் என்றாகிவிட்டது. கட்டாவிட்டால் தண்டனை நிறுத்திவைப்பு ரத்தாகலாம், அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே உள்ளே போக நேரலாம்.

இப்போது மறுபக்கத்தைக் கேளுங்கள். வட்டிக்குக் கொடுப்பவரிடம் ஐம்பதாயிரம் வாங்கியவர், ஈடாகக் கையெழுத்துப் போட்ட வெற்று செக் கொடுத்திருப்பார். வட்டி தவறியதும் அதில் ஐந்து லட்சம் என்று எழுதி பேங்கில் போடுவார்கள். கையெழுத்து என்னுடையது என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் சட்டத்தின் அனுமானம் புகார்தாரர் பக்கம் சாய்ந்துவிடும். அபராதம் செக் தொகையைப்போல் இரண்டு மடங்குவரை போகலாம். பத்து லட்சம் என்று தீர்ப்பானால் 20 சதவீதம் இரண்டு லட்சம். ஐம்பதாயிரத்துக்கு வழியில்லாமல் கடன் வாங்கியவர், நீதிபதி ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்று கேட்பதற்காக 60 நாளில் இரண்டு லட்சம் கட்ட வேண்டும். பணமிருந்து இழுப்பவனுக்கு அந்த 20 சதவீதம் ஒரு செலவு. பணமில்லாமல் நியாயம் உள்ளவனுக்கு அது சுவர். 2023-இல் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டு, அந்த நிபந்தனை அப்பீல் உரிமையைப் பறிப்பதாக அமைந்தால் காரணம் எழுதி விலக்கு அளிக்கலாம் என்றது. விலக்கு உண்டு என்று கீழே எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் கிடைத்தால் பிழைத்தார்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள். அங்கே மாஜிஸ்திரேட் ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னால் மாவட்ட நீதிபதியிடம் அப்பீலே இல்லையாமே என்று என்னிடம் ஒரு இளம் வக்கீல் கேட்டார். அரை உண்மை. அங்கே கூட்டாட்சி நீதிமன்றத்தில் எட்டாண்டுக்கு நியமிக்கப்படும் மாஜிஸ்திரேட் ஜட்ஜ் ஒரு சிவில் வழக்கை முழுவதும் நடத்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். சம்மதித்து நடந்த வழக்கில் அப்பீல் நேராக அதற்கும் மேலே உள்ள சர்க்யூட் கோர்ட்டுக்குப் போகிறது; இடையில் மாவட்ட நீதிபதியிடம் போகும் மாற்றுவழியை 1996-இல் எடுத்தார்கள். சிறு குற்ற வழக்கில் அவர் தண்டனை கொடுத்தால் மாவட்ட நீதிபதியிடம் அப்பீல் உரிமையாகவே இருக்கிறது. ஆக அப்பீலை அங்கே யாரும் ஒழிக்கவில்லை, ஒரு படியைத் தாண்டவிட்டார்கள். அதுவும் சம்மதத்தின்மேல். இங்கே நம் நடுவர் முன்னால் கை கட்டி நிற்பவனிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

சட்ட நுணுக்கம் பேசுபவர்களிடம் இன்னொரு வாதம் உண்டு. அப்பீல் என்பது சட்டம் கொடுத்த சலுகை, கொடுத்த சட்டமே எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். புத்தகப்படி முதல் பாதி சரி. ஆனால் 1978-இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், தண்டனை தனிமனிதச் சுதந்திரத்தைப் பறிக்கிற இடத்தில் ஒரு அப்பீலாவது இருப்பது நியாயமான நடைமுறையின் அங்கம் என்று அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவோடு சேர்த்துக் கட்டினார். கைதிக்குத் தீர்ப்பு நகல் இலவசமாக, காலத்தில் கிடைக்க வேண்டும், வக்கீல் வைக்க முடியாதவருக்குச் சட்ட உதவி வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். தண்டிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மேல் நீதிமன்ற மறுபரிசீலனை உரிமை உண்டு என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. சலுகை என்ற சொல் அன்றைக்கே காலாவதியாகிவிட்டது.

நடுவர்களின் மனவுறுதி குலையும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். தான் எழுதுவதை இன்னொருவர் படிப்பார் என்று தெரிந்து எழுதும் தீர்ப்பு வேறு மாதிரி இருக்கும். இதை நடுவர்களே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குறைந்தது மூன்றாண்டு வக்கீல் தொழில் செய்தவரே கீழமை நீதிபதிப் பணிக்கு வர வேண்டும் என்ற விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. அனுபவமின்மை ஒரு பிரச்சினை என்று நீதித்துறையே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியிருக்கும்போது அவர்கள் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்று ஆக்குவது அவர்களுக்கும் செய்யும் கொடுமை.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்புக்குப் பாதி இடம் கொடுக்கிறேன். ஒவ்வொரு சிறு உத்தரவின்மேலும் சீராய்வு போட்டு, கட்டை மேலே வரவழைத்து, கீழே விசாரணையை முடக்குவது ஒரு தொழிலாகவே நடந்தது. அதனால்தான் 1973 சட்டம் இடைக்கால உத்தரவுகள்மேல் சீராய்வு கூடாது என்றது. நோக்கம் சரி. ஆனால் அந்த வேலி எதையெல்லாம் வெளியே நிறுத்தியது? 1977-இல் மது லிமயே வழக்கில் உச்ச நீதிமன்றமே, வழக்கின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் உத்தரவு இடையில் வந்தாலும் அதை வெறும் இடைக்கால உத்தரவு என்று ஒதுக்க முடியாது என்று வேலியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. மேல் கோர்ட்டு தடையுத்தரவுகள் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று 2018-இல் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையும் ரத்து செய்தது. தன் தவறு எதுவும் இல்லாதவனும் அந்தக் கடிகாரத்தில் மாட்டிக்கொண்டான்.

அந்த வேலிக்கு வெளியே இன்றும் நிற்கும் உத்தரவு ஒன்று உண்டு. ரிமாண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2004-இல் உச்ச நீதிமன்றம், காவலில் வைக்கும் உத்தரவு இடைக்கால உத்தரவே, அதன்மேல் சீராய்வு செல்லாது என்றது. 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்டார்கள். மறுநாள் நடுவர் அவர்களை நீதிமன்றக் காவலுக்கு அனுப்பினார். கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ஆம் தேதி மகன் இறந்தார், 23-ஆம் தேதி தந்தை. 24-ஆம் தேதி மதுரைக் கிளை தானாக முன்வந்து கையில் எடுத்தது. பிறகு விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவரையே போலீஸார் அவமதித்தார்கள். அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார், மேல் கோர்ட்டு அவர் பின்னால் நின்றது. நடுவருக்கும் மேலே ஒரு கை வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல. ஆனால் 20-ஆம் தேதி மாலை, அந்த ரிமாண்டு உத்தரவைத் தூக்கிக்கொண்டு ஒரு வக்கீல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஓடியிருந்தால்? ஜாமீன் கேட்டிருக்கலாம். இந்த உத்தரவு சரியா, இவர்கள் உடம்பைப் பார்த்தார்களா என்று கேட்கும் மனுவுக்கு எண் விழுந்திருக்காது.

எனவே நான் கேட்பது குறைப்பதற்கு நேர் எதிரானது. 283(2)-இன் கடைசி வாக்கியத்தை நீக்குங்கள். சுருக்க விசாரணை என்றாலும் குறுக்கு விசாரணையை முழுவதும் பதிவு செய்யுங்கள். இன்று அதற்கு ஒரு மைக் போதும். அசல் கட்டை மேலே இழுக்காமல் ஸ்கேன் செய்த பிரதியை அனுப்புங்கள், கீழே விசாரணை நிற்காது. சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு சொன்ன அன்றே நகலைக் கையில் கொடுங்கள். சட்டம் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறது, நடப்பதுதான் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு செஷன்ஸ் நீதிபதியை இந்த அப்பீல்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். ரிமாண்டு உத்தரவின்மேல், 24 மணி நேரத்துக்குள், ஒரே ஒரு முறை, செஷன்ஸ் நீதிபதி ஆளைக் கண்ணால் பார்க்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதுங்கள். எங்கள் ஊரில் இரண்டு கோர்ட்டும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. நடுவர் நீதிமன்றப் படியில் இறங்கி, வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு செஷன்ஸ் கோர்ட் வாசலுக்குப் போக எண்பது அடிதான்.